முறத்திலிருந்து வந்த கூடை

அன்புள்ள ஐயா,

கணவருக்கு ஸ்பார்டன்பர்க் பிஎம்டபிள்யூ ஆலையில் வேலை. தென் கரோலினாவுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. கார் ஆலையும் கடற்கரை விடுதியும் தவிர இங்கே பண்பாடு என்று எதுவும் கண்ணில் படவில்லை. போன மாதம் சார்ல்ஸ்டன் பக்கம் மவுண்ட் பிளசன்டில், சாலையோரமாகக் கையகலப் புல்கூடைக்கு நூறு டாலர் கேட்டார்கள். பேரம் படியவில்லை, வந்துவிட்டேன். புல்லுக்கு இவ்வளவா?

ம., கிரீன்வில்

அன்புள்ள ம.,

அது ஸ்வீட்கிராஸ் கூடை. பின்னுவதில்லை, தைக்கிறார்கள். மணல்மேட்டுப் புல்லைக் கொத்தாகச் சேர்த்து, சுற்றின் மேல் சுற்றாக வைத்து, பால்மெட்டோ என்ற பனை வகையின் ஓலைக்கீற்றால் இறுக்குவார்கள். ஊசி கிடையாது. பழைய கரண்டிக் காம்பை ராவித் தட்டையாக்கி, அதால் துளையிட்டு ஓலையை நுழைப்பார்கள். சின்னக் கூடைக்கே மணிக்கணக்கில் ஆகும்.

இதன் மூத்த வடிவம் முறம். ஆமாம், நெல் புடைக்கும் முறம்தான். உங்கள் மாநிலத்தின் முதல் பெரும் பணம் நெல்லில் வந்தது. 'கரோலினா கோல்ட்' என்று பெயர், உமி பொன்னிறம். ஆங்கிலேயப் பண்ணையார்களுக்கு நெல் பழக்கமில்லை. செனகல் முதல் சியரா லியோன் வரையுள்ள மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அது தலைமுறைத் தொழில். அந்த மக்களில் பலரை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். சதுப்புக் காட்டை வெட்டி, கையால் கரை போட்டு, கடல் ஏற்றத்தில் ஆற்றின் நல்ல தண்ணீர் மேலேறும்போது மதகைத் திறந்து பாய்ச்சினார்கள். 1708 வாக்கிலேயே தென் கரோலினாவில் கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை. சார்ல்ஸ்டனில் நீங்கள் படமெடுத்திருக்கக்கூடிய மாளிகைகளில் பல அந்தப் பணம்தான். அடிமைகளின் விடுதலைக்குப் பின் நெல் தளர்ந்தது. 1893, 1911 புயல்கள் மிச்சத்தையும் முடித்தன.

அந்த அடிமைகளின் வாரிசுகள்தான் கல்லா (Gullah) மக்கள். மொழி, சிவப்புச் சோறு, கூடை எல்லாம் அவர்களிடம் தங்கின. நிலம்தான் தங்கவில்லை. 1956இல் அவர்கள் வாழ்ந்த ஹில்டன் ஹெட் தீவுக்குப் பாலம் வந்தது, பின்னாலேயே விடுதிகள் வந்தன. உயில் இல்லாமல் தாத்தா பெயரிலேயே கிடந்த நிலத்தில் ஒரு பங்காளி பங்கை விற்றால் போதும், வாங்கியவர் நீதிமன்றம் போய் மொத்தத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட முடிந்தது. இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. புல் அறுத்த கரைகளும் பல இடங்களில் வேலிக்குள் போய்விட்டன. 2006இல் இந்தக் கூடையை மாநிலக் கைவினை என்று அறிவித்தார்கள், சரி. புல்லுக்கு இன்று வேறு மாநிலம் வரை போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த முறை சார்ல்ஸ்டன் போனால் கேட்ஸ்டன் துறையில் 2023இல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ஆயிரமாயிரம் பேரை அடிமைகளாக இறக்கிய இடம் அது. அப்புறம் அதே கடைக்குப் போங்கள், பேரம் வேண்டாம். அந்த அம்மாவிடம் கரண்டிக் காம்பைக் காட்டச் சொல்லுங்கள். யார் கொடுத்தது என்றும் கேளுங்கள்.