அமாவாசைக்குப் பல் விழும் மீன்

கேள்வி: சின்ன வயதில் படித்த ரஷ்யக் கதையில், எமேல்யா உறைந்த ஆற்றில் துளை போட்டு, பைக் மீனை வெறுங்கையால் பிடிப்பான். இப்போது ஒரு காணொளியில் தூண்டில்காரர் ஒருவர், அமாவாசையை ஒட்டி அந்த மீன் பல் மாற்றும், அப்போது இரையைத் தொடாது, நடுப் பனிக்காலத்தில் தூக்கம்தான் என்கிறார். அப்படியானால் கதை பொய்தானே? — ஒரு வாசகர், தேனி.

பதில்: பொய் இருக்கிறது, ஆனால் கதையில் இல்லை. காணொளிக்காரரிடம் இருக்கிறது.

முதலில் பெயரைத் தீர்த்துக்கொள்வோம். பைக் என்று எழுதினால் எனக்குப் பெட்ரோல் வாசம் வருகிறது. ரஷ்யர்கள் சொல்வதுபோல ஷூக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். நீண்ட வாய், வாத்து அலகுபோலத் தட்டை. நம்ம விரால் மாதிரி பாசிக்குள் அசையாமல் கிடந்து ஒரே பாய்ச்சலில் கவ்வும்.

பல் கதைக்கு வருவோம். ஷூக்காவின் வாய்க்குள் விரலை விடாதீர்கள், பார்த்தாலே போதும். மேலண்ணத்தில் வரிசை வரிசையாகச் சின்னப் பற்கள், எல்லாமே தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். உள்ளே போகும் இரைக்கு மடங்கி வழிவிடும், வெளியே வர விடாது. கீழ்த்தாடையில் பெரிய கோரைப் பற்கள். ஈறைக் கொஞ்சம் ஒதுக்கினால், அடுத்து முளைக்க வேண்டிய பற்கள் சதைக்குள் படுத்துக் கிடப்பது தெரியும். ஒன்று விழ, அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். வருடம் முழுக்க இதே வேலை. மொத்தமாக உதிர்ந்து பொக்கை வாயோடு நிற்பது கிடையாது. ஆடும் பல்லையும் ரத்தம் கசியும் ஈறையும் பார்த்த யாரோ, மீனுக்குப் பல் வலி என்று முடிவு கட்டிவிட்டார்.

இதில் வேடிக்கை, அமெரிக்காவின் வடக்கு ஏரிப் பக்கம் இதே மீனுக்கு ஆகஸ்ட் வெயிலில் பல் விழுகிறது என்பார்கள். ரஷ்யாவில் அமாவாசை, அங்கே ஆகஸ்ட். மீன் ஒன்றுதான், வாளி எப்போது காலியோ அப்போது பல் விழுகிறது. என் சித்தப்பா காவிரியில் தூண்டில் போட்டு வெறுங்கையோடு வரும்போதெல்லாம் “தண்ணி கலங்கிருச்சு” என்பார். தெளிந்திருந்த நாளிலும் அதையே சொன்னார்.

சரி, குளிர்காலத்தில் ஷூக்கா பட்டினியா? இல்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும்; அதனால் பனிக்கட்டிக்குக் கீழே ஏரியின் அடிப்பகுதி கிட்டத்தட்ட அந்தச் சூட்டிலேயே நிற்கும். அந்தக் குளிரில் செரிமானம் மெதுவாகும். பெரிய இரை ஒன்றை விழுங்கினால் நாள்கணக்கில் அசையாது. உண்பது குறையும், நிற்காது. பெண் மீனுக்கோ வயிற்றில் முட்டை வளர்கிறது. பனி உருகியதும் கரையோரப் புல்லில் இட வேண்டும். அது எப்படிப் பட்டினி கிடக்கும்?

பனி உறைந்த புதிதில் கரையோரப் பாசி இன்னும் பச்சையாக இருக்கும். குஞ்சு மீன்கள் அங்கே, ஷூக்காவும் அங்கே. துளைமேல் நிறுத்திய ஷெர்லீத்சாவின், அதாவது மீன் கவ்வினால் கொடி தூக்கும் தூண்டிலின், சிவப்புக் கொடி படக்கென்று எழும்பும், நூல் சுற்று ஓடும். இரையைக் குறுக்காகக் கவ்விய மீன் கொஞ்ச தூரம் போய் நின்று, தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கும். அப்புறம் நடுக்குளிர்காலம் வருகிறது. ரஷ்ய மீன்பிடிப்பாளர் அதற்கு வைத்திருக்கும் பெயரில் ‘செவிடு’ என்று பொருள்படும் சொல் ஒட்டியிருக்கிறது. பனிக்கட்டி தடித்து, மேலே வெண்பனி மூடி, வெளிச்சம் இறங்காது. பாசி ஆக்சிஜன் தருவதை நிறுத்தி அழுகுகிறது. அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடுகிறது. அப்போது ஷூக்கா கொடியை எழுப்பாததற்குக் காரணம் பல்லும் அல்ல, அமாவாசையும் அல்ல. மூச்சு.

உங்கள் எமேல்யா இங்கேதான் வருகிறான். ஆக்சிஜன் குறைந்த நீரில் ஷூக்கா மற்ற பல மீன்களைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆழமில்லாத ஏரிகளில் பனிக்கட்டியின் அடிவயிற்றை ஒட்டி மேலேறி நிற்கும். மேற்கு சைபீரியாவின் ஓப் நதியில் சதுப்புநிலத் தண்ணீர் கலந்து குளிர்காலந்தோறும் இந்த மூச்சுத்திணறல் வருகிறது. நல்ல தண்ணீர் ஊறும் இடங்களை அங்கே ஷிவூன் என்பார்கள். உயிர் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்த பெயர். மீன்கள் அங்கே நெருக்கியடித்துக் குவியும். அப்படிப்பட்ட இடத்தில் மீனை அள்ளித்தான் எடுப்பார்கள், தூண்டில் வேண்டாம்.

அண்ணிமார் விரட்டியதால் அடுப்பின் மேலிருந்து இறங்கி, கோடரியால் பனியைக் கொத்தி, வாளியில் தண்ணீர் மொண்ட சோம்பேறிப் பையன், குனிந்து பார்த்தபோது துளையில் ஷூக்கா நின்றது என்று கதை சொல்கிறது. கதை கட்டியவர் ஓப் பக்கத்துக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குளிர்காலத் துளையை எட்டிப் பார்த்தவர் என்பது என் கட்சி. மீன் பேசியது, வரம் கொடுத்தது, அடுப்பு தானாக அரண்மனைக்கு ஓடியது பற்றியெல்லாம் அடுத்த இதழுக்குக் கேள்வி அனுப்பிவிடாதீர்கள்.