இருட்டைக் கட்டும் வேலைக்கு எந்தப் படிப்பு?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பதினோராம் வகுப்பு முடித்திருக்கிறாள். உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவு, நல்ல மதிப்பெண். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்து வைத்திருந்தீர்கள். அவளோ லீவுக்குச் சிங்கப்பூரில் சித்தி வீட்டுக்குப் போய், நைட் சஃபாரி என்ற இரவு உயிரியல் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்து, "ராத்திரி மிருகங்களுக்கு வீடு கட்டப் போறேன்" என்கிறாள். உங்கள் அண்ணன், "ஜூவுல சாணி அள்ளவா இவ்வளவு படிக்க வச்சோம்?" என்று கேட்டாராம். நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அண்ணன் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சாணி அள்ளுகிறவருக்குத் தெரிந்த அளவு அந்த விலங்கைப் பற்றி அலுவலகத்தில் உட்கார்ந்து படம் வரைகிறவருக்குத் தெரியாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் மகள் கேட்பது அந்த வேலையை இல்லை. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடம் முன்பு பள்ளிச் சுற்றுலாவில் வண்டலூர் போனபோது, இரவு விலங்குகள் இல்லத்துக்குள் நின்றுகொண்டு, "இதுங்களுக்கு இப்போ ராத்திரின்னு யார் சொன்னாங்க?" என்று டீச்சரைக் கேட்டாளாம். "வரிசையில நட" என்று பதில் வந்ததாம். மிருகம் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு என்னிடம் நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். அந்தக் கட்டடத்தின் சூட்சுமத்தையே கேட்ட பிள்ளையைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அவளுக்குக் கிடைக்காத பதிலை உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். எந்தப் படிப்பு என்று நாம் பேசப் போவதும் அதை வைத்துத்தான்.

தேவாங்கு, மரநாய், வௌவால் எல்லாம் பகலில் தூங்கும். ஜூவுக்குக் கூட்டம் வருவதோ பகலில். டிக்கெட் வாங்கி வந்தவர் கண்ணில் படுவது மூலையில் சுருண்டு கிடக்கும் ஒரு ரோமப் பந்துதான். இங்கிலாந்தில் பிரிஸ்டல் உயிரியல் பூங்காக்காரர்கள் 1953-ல் இரவு விலங்குகளுக்கென்றே ஒரு கட்டடம் திறந்தார்கள். இந்த வகைக் கட்டடத்தில் வெளிச்சம் தலைகீழாக ஓடும். ராத்திரி முழுக்க உள்ளே பளிச்சென்று விளக்கு எரியும். காலையில் பார்வையாளர் வரும் நேரத்துக்கு அதைக் குறைத்து நிலா வெளிச்சம் போல ஆக்குவார்கள். கொஞ்ச நாளில் விலங்கின் உடம்பும் அந்தக் கணக்குக்கு மாறிக்கொள்ளும். நமக்கு மதியம் பன்னிரண்டு என்றால் அதற்கு நடுநிசி. "யார் சொன்னாங்க" என்றாளே, சொன்னது ஒரு டைமர்.

கேட்க எளிதாக இருக்கிறது. கட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஜூவுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை. வௌவாலுக்குச் செவ்வாய் ஏது? ஆள் வராத அன்றைக்கும் விளக்கு அதே நேரத்தில் எரிந்து அதே நேரத்தில் குறைய வேண்டும். கரண்ட் போனால் இன்னொரு வேடிக்கை. பகலில் போனால் விலங்குக்கு வெளிச்சத்தால் தொந்தரவில்லை, எப்படியும் இருட்டுதானே. ஆள் இல்லாத ராத்திரியில் போனால்தான் அதன் 'பகல்' பாதியில் கலைந்துவிடும். ஜன்னல் இல்லாத கட்டடம் என்பதால் காற்றையும் மின்விசிறிதான் இழுத்துவர வேண்டும். அது நின்றால் மூத்திர வாடை உள்ளேயே தங்கிவிடும். ஆக, ஜெனரேட்டர் அதிகம் தேவைப்படுவது பூங்கா பூட்டிக் கிடக்கும் நேரத்தில்!

விலங்கை விட மனிதனைச் சமாளிப்பதுதான் கஷ்டம். சித்திரை வெயிலிலிருந்து உள்ளே வருகிறவரின் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடமாவது வேண்டும். அவர் ஐந்து நிமிடத்தில், "உள்ள ஒண்ணுமே இல்லப்பா" என்று வெளியே போய்விடுவார். அதனால் வாசலிலிருந்து நேராகக் கண்ணாடிக் கூண்டுக்கு விடக் கூடாது. வழியை இரண்டு மூன்று முறை வளைத்து, வெளிச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து, நடக்க நடக்கக் கண்ணைப் பழக்க வேண்டும். அந்த வளைவுகளால் வாசல் வெளிச்சமும் உள்ளே வராது.

அப்புறம் கண்ணாடி. ராத்திரி பஸ்ஸில் உள்ளே லைட் எரியும்போது ஜன்னலில் நம் முகம்தானே தெரிகிறது? டிரைவர் லைட்டை அணைத்தால்தான் வெளியே வயல் தெரியும். அதே கதைதான் இங்கேயும். பார்க்கிறவர் நிற்கும் பக்கம் விலங்கின் பக்கத்தை விட இருட்டாக இருக்க வேண்டும், சுவருக்கு மினுமினுப்பில்லாத கறுப்பு அடிக்க வேண்டும், கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்து வைக்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்தால் யாராவது ஒருவர் செல்போன் டார்ச்சைப் போடுவார்.

என்ன நிற விளக்கு என்பதும் பெரிய விஷயம். இரவில் பார்க்க உதவும் கண் செல்கள் சிவப்பை அவ்வளவாக உணர்வதில்லை. அதனால் சிவப்பு விளக்கில் விலங்கு இருட்டில் இருப்பதாகவே நடந்துகொள்ளும், நமக்கு மங்கலாகத் தெரியும். ஆனால் சிவப்பு வெளிச்சம் மனிதர்களுக்கு அழகாகப் படுவதில்லை. நிலா வெளிச்சம் என்றால் நீலம் என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. பல பூங்காக்களில் நீல விளக்கும் போட்டார்கள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து உயிரியல் பூங்கா ஆராய்ச்சியாளர்கள் தேவாங்கின் உறவினங்களை இரண்டு விளக்கிலும் வைத்து ஒப்பிட்டு 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். நீல வெளிச்சத்தில் அவற்றின் நடமாட்டம் குறைந்தது, எச்சிலில் மெலடோனினும் குறைந்தது. இரவு என்று உடம்புக்குச் சொல்லும் சுரப்பு அது. பார்க்கிற கண்ணுக்கு இதமான விளக்கு, உள்ளே இருக்கிற உயிருக்கு இரவை இல்லாமல் ஆக்கியிருக்கிறது. இதைப் படித்தபோது, விளக்கு வாங்குகிறவருக்கும் விலங்கியல் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

இனி அவள் பார்த்த சிங்கப்பூர். அங்கே தலைகீழ் வேலையே கிடையாது. விலங்கை விட்டுவிட்டு மனிதனின் நேரத்தை மாற்றினார்கள். 1994 மே மாதம் திறந்த இடம், 35 ஹெக்டேர், நிஜமான இரவில் மட்டும் திறக்கும். அந்த ஊரில் வருடம் முழுக்க ஏழு மணி வாக்கில் பொழுது சாய்ந்துவிடும், அதனால் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போக முடிகிறது. ஜூன் மாத லண்டனில் இது நடக்காது. அங்கே இருட்டவே ஒன்பது மணியைத் தாண்டும்.

உங்கள் வீட்டில் பேச வேண்டிய விஷயம் அதை வடிவமைத்தவர்கள். மூன்று பேரை முக்கியமாகச் சொல்வார்கள். லின் டி அல்விஸ் கொழும்பு தெஹிவளை உயிரியல் பூங்காவை நடத்திய இலங்கைக்காரர். பெர்னார்ட் ஹாரிசன் விலங்கியல் படித்துவிட்டு சிங்கப்பூர்ப் பூங்காவிலேயே வளர்ந்து அதன் தலைவரானவர். மூன்றாமவர் சைமன் கார்டர். பூங்கா முழுக்க அந்த நிலா வெளிச்சத்தைக் கொண்டுவந்தவர். அவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? நாடக மேடைக்கு விளக்கு அமைக்கும் தொழிலிலிருந்து.

இதை உங்கள் அண்ணனிடம் அவசியம் சொல்லுங்கள். "இரவு விலங்கு வீடு கட்டுதல்" என்று நம் கல்லூரிகளில் ஒரு பட்டப்படிப்பைத் தேடினால் கிடைக்காது. வேறு ஏதாவது ஒன்றில் கைதேர்ந்து, அந்தத் திறமையோடு இதற்குள் வருகிறவர்கள்தான் எல்லோரும். ஆகவே அவள் எந்தக் கதவு வழியாக உள்ளே போகப் போகிறாள் என்றுதான் நாம் பார்க்க வேண்டும். அவள் படிக்கும் பிரிவில் இன்று வரை எந்தக் கதவும் மூடவில்லை.

கால்நடை மருத்துவம் ஒன்று. ஐந்தரை ஆண்டு. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண் போதும், அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதத்துக்குத்தான் நீட். நல்ல படிப்பு, வேலை உத்தரவாதம் ஓரளவு உண்டு. ஆனால் படிப்பில் பெரும்பகுதி மாடும் ஆடும் கோழியும்தான். ரத்தத்தைப் பார்த்தால் தலைசுற்றும் ஒரு பையன், 'அனிமல்ஸ் பிடிக்கும்' என்ற ஒரே காரணத்துக்காக இதில் சேர்ந்துவிட்டு முதல் வருடத்திலேயே என்னிடம் திரும்பி வந்தான். நாய்க்குட்டி மேல் ஆசை இருப்பது வேறு, இது வேறு.

இன்னொன்று விலங்கியல் பட்டம், பிறகு வனஉயிரியலில் முதுகலை. மயிலாடுதுறை பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் இது இருக்கிறது. டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனமும் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் (என்.சி.பி.எஸ்.) நடத்தும் முதுகலைக்கு நாடு முழுவதும் போட்டி. சிவப்பு விளக்கா நீல விளக்கா என்று சோதித்துச் சொல்கிறவர்கள் இந்த வழியில் வந்தவர்கள்தான். பொறுமை வேண்டும், பல வருடம் ஆராய்ச்சித் திட்டங்கள் தரும் தற்காலிக ஊதியத்தில் ஓட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது கட்டடக்கலை. என் கணிப்பில் உங்கள் மகளின் கதவு இதுதான். அவள் கேட்ட கேள்வி விலங்கைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உண்மையில் வெளிச்சத்தைப் பற்றியது. பி.ஆர்க். ஐந்து ஆண்டு. நாட்டா என்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அந்த மதிப்பெண்ணையும் ப்ளஸ் டூ மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இதன் பக்கத்து வழி ஒன்றும் உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் கண்காட்சி வடிவமைப்பு என்றே இளநிலைப் படிப்பு இருக்கிறது. அதற்கான முதல்நிலைத் தேர்வு பொதுத்தேர்வுக்கு முன்பே வந்துவிடும் என்பதால் செப்டம்பரிலிருந்து அறிவிப்பைக் கவனியுங்கள். எடுத்த எடுப்பில் வெளிநாட்டுப் படிப்பு, முப்பது லட்சம் கடன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

வேலை? சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நம் நாட்டில் பெரிய உயிரியல் பூங்காக்கள் பெரும்பாலும் அரசுடையவை. தலைமையில் இந்திய வனப் பணி (ஐ.எஃப்.எஸ்.) அதிகாரி, மருத்துவர் கால்நடைத் துறையிலிருந்து வருவார். வடிவமைப்பாளர் என்று நிரந்தர நாற்காலி கிடையாது. ஆனால் ஒவ்வொரு பூங்காவும் முழு வரைபடத் திட்டம் ஒன்று தயாரித்து மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்திடம் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது விதி. அதை வரைந்து தரும் ஆலோசகர்களிடம் வேலை இருக்கிறது. அதிலும் இரவு விலங்கு வீடு என்பது பல வருடத்துக்கு ஒன்று வந்தால் அதிர்ஷ்டம். நியூயார்க் பிராங்க்ஸ் பூங்காவில் 1969-ல் திறந்த 'வேர்ல்ட் ஆஃப் டார்க்னஸ்' இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற கட்டடம். பணத் தட்டுப்பாடு வந்தபோது 2009-ல் அதையே மூடிவிட்டார்கள். மறுபடி திறக்க 2025 ஆனது. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் முதலில் இருட்டு வீட்டின் மேல்தான் கை வைப்பார்கள்.

அதனால் இதை மட்டுமே நம்பிச் சோறு சாப்பிட முடியாது. இந்தத் திறமையை நம்பிச் சாப்பிடலாம். ஓலைச்சுவடியும் பழந்துணியும் கெடாமல் இருக்க அருங்காட்சியகத்தில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் வெளிச்சம் படக் கூடாது என்பார்கள். அந்த மங்கலில் பார்க்கிறவருக்கும் தெரிய வேண்டும். தேவாங்குக் கூண்டின் அதே கணக்குதான். மீன் காட்சியகம், அகழாய்வு அருங்காட்சியகம், கோளரங்கம் என்று இதற்கு இடம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு மூன்று வருடம் கழித்து, "இதுங்களை அடைச்சு வைக்கிறதே தப்பு" என்று அவள் வந்து நிற்கலாம். இந்தத் துறையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்கள் பலருக்கும் வருகிற கேள்விதான். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அங்கே தேவாங்குக்கு யாரும் டைமர் வைக்க வேண்டியதில்லை. அப்படி அவள் மனம் மாறினால் மாறட்டும். கையில் கட்டடக்கலை இருந்தால் அப்போதும் படித்தது வீணாகாது.

இந்த வருடம் முழுக்க ப்ளஸ் டூ படிப்புதான், அதில் மாற்றம் இல்லை. நாட்டாவுக்கு வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் வரைந்தால் போதும். இடையில் ஒரே ஒரு சனிக்கிழமையை மட்டும் எனக்காக ஒதுக்குங்கள். வண்டலூருக்கு அவளைக் கூட்டிப் போங்கள். இரவு விலங்குகள் இல்லம் திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மணி நேரம் நிற்கட்டும், நோட்டும் பேனாவும் போதும், செல்போன் வேண்டாம். தன் கண்ணுக்கு முதல் விலங்கு தெரிய எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை பேர் "ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், கண்ணாடியில் எங்கே நின்றால் தன் முகம் தெரிகிறது, வாசல் வெளிச்சம் எதுவரை வருகிறது. இவற்றை எழுதி, தான் கட்டியிருந்தால் எதை மாற்றியிருப்பாள் என்று ஒரு படம் வரையட்டும். நன்றாக வரைய வேண்டும் என்று இல்லை.

பத்து நிமிடத்தில் போரடித்து ஐஸ்க்ரீம் கேட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸைப் பற்றிப் பேசலாம், அதிலும் தப்பில்லை. நோட்டு நிறைந்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வாருங்கள். அவள் மாமாவையும் கூட்டி வாருங்கள், அவர் கேள்விக்கு அவளே பதில் சொல்லட்டும்.