தொட்டித் தண்ணீர் ஏன் கலங்குகிறது?

கேள்வி: கொல்லையில் பிள்ளைகளுக்காக 3,000 லிட்டர் நீச்சல் தொட்டி வைத்திருக்கிறோம். பிளீச்சிங் பவுடர் போட்டும் தண்ணீர் பால்போலக் கலங்குகிறது, ஓரமெல்லாம் வழுக்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: பவுடரை நேரே தூவுகிறீர்களா? அதிலுள்ள சுண்ணாம்புதான் அந்தப் பால் நிறம். ஒரு வாளித் தண்ணீரில் பவுடரைக் கரைத்து (பவுடர் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது), நன்றாகத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் சாயங்காலம் பிள்ளைகள் தொட்டியை விட்டு வெளியே வந்த பிறகு ஊற்றுங்கள், பகலில் ஊற்றினால் வெயிலே குளோரினைத் தின்றுவிடும். வழுக்கல் பாசியின் ஆரம்பம். அதைத் தேய்த்து எடுக்காமல் எவ்வளவு மருந்து போட்டாலும் வீண். சோதனைத் தாளில் பிஹெச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 7.2 முதல் 7.8, குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் காட்டினால்தான் பிள்ளைகளை இறக்குங்கள். அப்புறம், ஃபில்டரைக் கழற்றி மடிப்பு மடிப்பாக விரித்து அலசுங்கள், தலை எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் ஒட்டியிருக்கும்.