மாதிரி அணையில் தண்ணீர் விட்டுப் பார்ப்பது: வாசகர் கேள்விகள்

*ஐயா, தாமான் மெலாவத்தி பக்கம் போகும்போதெல்லாம் கிள்ளான் கேட்ஸ் அணையைப் பார்ப்பேன். இப்படிப்பட்ட அணைகளை முதலில் சின்னதாகக் கட்டிச் சோதிப்பார்களாமே. சின்னதில் ஓடுகிற தண்ணீர் பெரியதைப் போலவே ஓடுமா?* – வாசகி, செந்தூல்

கணக்குப்படி கட்டினால் ஓடும் அம்மா. மறுகாலில், அதாவது அணை நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடும் பாதையில், தண்ணீரை இழுத்து ஓட்டுவது புவியீர்ப்பு. அதற்கேற்ற விகிதக் கணக்குக்குக் கப்பல் மாதிரிகளை ஆராய்ந்த வில்லியம் ஃபுரூடின் பெயர். 1-க்கு 100 என்று கட்டினால் வேகம் பத்தில் ஒன்றாகும், நீரளவு லட்சத்தில் ஒன்றாகும். அணையில் விநாடிக்கு 2,000 கன மீட்டர் வெள்ளம் என்றால் மாதிரிக்கு 20 லிட்டர், ஒரு பெரிய வாளி. பத்து மணி நேர வெள்ளம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அப்புறம் நடப்பது. மறுகாலின் அடியில் சரளைக்கல் பரப்பியிருப்பார்கள். வெள்ளம் விழுந்து அதைக் குடைந்த பிறகு தண்ணீரை மெல்ல வடிய விட்டு, இடையிடையே நிறுத்தி, நீர்விளிம்பையொட்டி வெள்ளை நூலை வளைத்து வைப்பார்கள். முழுதும் வடிந்ததும் குழியின் ஆழம் வளையம் வளையமாகத் தெரியும். அந்தக் குழி அணையின் அடிவாரத்தை நோக்கி நகர்ந்திருந்தால் வரைபடத்தைத் திருத்தியே ஆக வேண்டும்.

*அணையில் பால் போல வெளுத்து இறங்கும் தண்ணீர் மாதிரியில் தெளிவாக இருக்கிறதே?* – வாசகர், பட்டர்வொர்த்

அணையைச் சுருக்கலாம், காற்றுக் குமிழியைச் சுருக்க முடியாது. இரண்டிலும் ஓடுவது அதே தண்ணீர், அதன் மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கும் பரப்பு இழுவிசையும் மாறாது. மெதுவாக ஓடும் மாதிரியில் அது காற்றை அவ்வளவாகக் கலக்க விடாது. காற்றுக் கலந்த தண்ணீர் உப்பி உயரும் என்பதால், மாதிரியில் அளந்த ஆழத்தை மட்டும் நம்பிப் பக்கச்சுவரின் உயரத்தை முடிவு செய்யக் கூடாது.

*கம்ப்யூட்டர் போதாதா?* – மாணவர், ஆயர் ஈத்தாம்

பல வடிவங்களை ஒப்பிட்டுக் கழிக்க கம்ப்யூட்டர் நல்லது தம்பி. சுழலும் அரிப்பும் சிக்கலான இடத்தில் மாதிரியும் வேண்டும்.

*அப்படியென்றால் 2017-இல் அமெரிக்காவின் ஓரோவில் அணையில் மறுகால் ஏன் உடைந்தது?* – வாசகர், கெப்போங்

அங்கே விரிசல், இணைப்புகள் வழியாகக் கான்கிரீட் தளத்துக்கு அடியில் தண்ணீர் புகுந்து அதைத் தூக்கிவிட்டது. கீழே இருந்த பாறையும் பலவீனமானது. 180,000-க்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பெர்ஸ்பெக்ஸ் என்ற வழவழப்பான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்த மாதிரியில் விரிசலும் இருக்காது, மக்கிய பாறையும் இருக்காது. அதைக் கண்டுபிடிக்கத் தரையைத் துளைத்துப் பார்க்க வேண்டும், தளத்தில் நடந்து இணைப்பு இணைப்பாகச் சோதிக்க வேண்டும்.