பெட்டிகளில் கிடந்த ரிக்கார்டோ: வாசகர் கேள்வி–பதில்

ஆங்கிலப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோவின் (1772–1823) எழுத்துகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஆய்வேட்டில் ரிக்கார்டோவை மேற்கோள் காட்டினால் 'எந்தப் பதிப்பு?' என்று நெறியாளர் திருப்பி அனுப்பிவிடுகிறார். எல்லாம் ஒரே புத்தகம்தானே? – முதுகலை மாணவி, மதுரை

ஒரே புத்தகம் இல்லை. உங்கள் நெறியாளர் கேட்பது நியாயம். 'அரசியல் பொருளாதாரம், வரிவிதிப்பு ஆகியவற்றின் கோட்பாடுகள்' ரிக்கார்டோ உயிரோடு இருந்தபோதே மூன்று முறை அச்சாயிற்று. 1817 ஏப்ரலில் ஜான் மர்ரே வெளியிட்ட முதல் பதிப்பு 750 படிகள்தான். அடுத்தவை 1819லும் 1821லும் வந்தன. ஒவ்வொரு முறையும் மதிப்பு பற்றிய முதல் அத்தியாயத்தில் அவர் கை வைத்தார். மூன்றாம் பதிப்பில் அது ஏழு பிரிவுகளாகப் பிரிந்தது. இயந்திரங்கள் பற்றிய 31ஆம் அத்தியாயம் முழுக்கப் புதிதாகச் சேர்ந்தது.

மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். 1821இல் எழுதிய வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு அடைப்புக்குறிக்குள் '1817' என்று போட்டுவிடுகிறார்கள். பண்டத்தின் மதிப்பை உழைப்பின் அளவு நிர்ணயிக்கிறது என்ற விதியை இயந்திரமும் நீடித்த மூலதனமும் கணிசமாக மாற்றுகின்றன என்று மூன்றாம் பதிப்பின் பிரிவுத் தலைப்பே சொல்கிறது. கூலி உயர்வால் விலைகளுக்கிடையே உண்டாகும் மாற்றம் 6, 7 சதவீதத்தைத் தாண்டாது என்ற கணக்கும் அங்கேதான் வருகிறது. இதை 1817 என்று குறித்தால், நான்கு ஆண்டுகளில் அவர் மனத்தில் நடந்த மாற்றமே காணாமல் போகிறது.

செய்ய வேண்டியது இது. பொருளாதார அறிஞர் பியரோ ஸ்ராஃபா பதிப்பித்த ரிக்கார்டோ எழுத்துகளின் பதினொரு தொகுதிகளில் முதல் தொகுதியை எடுங்கள். மேலே 1821ஆம் ஆண்டின் பாடம், அதாவது நூலின் வாசகம், இருக்கும். முந்தைய இரு பதிப்புகளின் பாட வேறுபாடுகள் அடிக்குறிப்பில் இருக்கும். நீங்கள் எடுக்கும் வரிக்குக் கீழே குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்த வரி எந்த ஆண்டுக்குரியது என்பதை எழுதுங்கள். பிறகு தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் கொடுங்கள். ரிக்கார்டோவின் சீடர் மெக்கல்லக் 1846இல் கொண்டுவந்த ஒற்றைத் தொகுதியின் மறுஅச்சுகள் இன்னும் பல நூலகங்களில் இருக்கின்றன. படிக்க அது போதும்; மேற்கோளுக்குப் போதாது, பாட வேறுபாடு எதுவும் அதில் தெரியாது.

இயந்திரம் வந்தால் வேலை போகும் என்று ரிக்கார்டோ சொன்னாரா, போகாது என்று சொன்னாரா? இரண்டையும் படித்துவிட்டேன். – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

இரண்டும் அவர் சொன்னதுதான், காலம்தான் வேறு. இயந்திரம் எல்லா வகுப்பாருக்கும் நன்மையே என்று 1821 வரை நம்பியிருந்தார். மூன்றாம் பதிப்பில் அந்தக் கருத்து தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். அதைப் பேனா எடுத்து ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

ஒரு முதலாளியிடம் 20,000 பவுண்டு மூலதனம். அதில் 7,000 கட்டடம், கருவிகள். மீதி 13,000 ஆள்களுக்குக் கூலியாகப் போகிற உணவும் தேவைப் பொருள்களும். சாதாரண ஆண்டில் அந்த ஆள்கள் 15,000 பவுண்டு மதிப்புள்ள பொருளை உண்டாக்குகிறார்கள். லாபமான 2,000ஐ முதலாளி செலவழிக்கிறார். 13,000 மறுபடி கூலிக்கு நிற்கிறது. சக்கரம் இப்படியே சுற்றுகிறது.

இப்போது ஓர் ஆண்டு, பாதி ஆள்களை இயந்திரம் செய்ய வைக்கிறார். ஆண்டு முடிவில் 7,500 பவுண்டுக்கு இயந்திரமும் 7,500 பவுண்டுக்கு உணவுப் பொருளும் கையில் இருக்கும். மொத்தம் அதே 15,000. வழக்கம்போல 2,000ஐ அவர் செலவழித்துவிட்டால், கூலிக்கு மிஞ்சுவது 5,500தான். மூலதனத்தைக் கூட்டிப் பாருங்கள்: 7,000, 7,500, 5,500. அதே 20,000. முதலாளிக்கு ஒரு காசு நட்டமில்லை. அவருடைய 2,000 தொடர்ந்து வருகிறது. ஆனால் கூலி கொடுக்கும் நிதி 13,000இலிருந்து 5,500க்கு இறங்கிவிட்டது. அந்த 7,500ஐ நம்பிப் பிழைத்தவர்களுக்கு வேலையில்லை.

நிகர வருமானம் குறையாமலே மொத்த உற்பத்தி சுருங்க முடியும் என்பதுதான் அவர் கண்டுகொண்டது. ஜான் பார்ட்டன் 1817இல் எழுதிய சிறு நூல் இந்தப் பக்கம் அவரைத் திருப்பியவற்றுள் ஒன்று. சீடரான மெக்கல்லக் அதிர்ந்துபோய் 1821 ஜூனில் கடிதம் எழுதினார், ரிக்கார்டோ பின்வாங்கவில்லை. ஆனாலும் இயந்திரத்தைத் தடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கண்டுபிடிப்புகள் படிப்படியாகவே வருகின்றன. புதிதாகச் சேரும் சேமிப்பே பெரும்பாலும் இயந்திரமாகிறது. உள்நாட்டில் தடுத்தால் மூலதனம் வெளிநாட்டுக்குப் போய்விடும் என்றும் அதே அத்தியாயத்தில் எழுதினார். பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவோர் இரண்டு பக்கத்திலும் இருக்கிறார்கள். பொருளாதார நூல்களில் இவ்வளவு நேர்மையான அத்தியாயம் அரிது என்பது எங்கள் எண்ணம்.

அவருடைய கையெழுத்துப் படிகள் அயர்லாந்தில் ஒரு பெட்டியில் கிடைத்தனவாமே? லண்டன்காரரின் தாள்கள் அங்கே எப்படிப் போயின? – நூலகர், திருச்சி

ரிக்கார்டோ தம் நூலை எழுதி முடித்ததற்கு நண்பர் ஜேம்ஸ் மில்லின் விடாத நச்சரிப்பும் ஒரு காரணம். அவருக்கு ரிக்கார்டோ எழுதிய கடிதங்களும், ரிக்கார்டோ மறைந்தபின் வந்து சேர்ந்த சில தாள்களும் மில் குடும்பத்தில் இருந்தன. மில்லின் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு நெருங்கிய நண்பர் ஜான் எலியட் கெய்ர்ன்ஸ் என்ற ஐரிஷ் பொருளாதார அறிஞர். தாள்கள் கடைசியாக அந்தக் குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தன. 1943இல் டப்ளின் அருகே ராஹினி என்ற இடத்தில், கெய்ர்ன்ஸின் மகன் வீட்டில், பூட்டிய உலோகப் பெட்டி ஒன்றில் அவை அகப்பட்டன.

ராயல் எகனாமிக் சொசைட்டி 1930இலேயே ஸ்ராஃபாவிடம் பதிப்புப் பணியை ஒப்படைத்திருந்தது. பெட்டி திறந்தபோது பல தொகுதிகளுக்கு அச்சுப்படி தயாராகியிருந்தது. கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கியிருந்ததால், புதுக் கடிதங்களை இடையிடையே நுழைக்க மறுபடி எல்லாவற்றையும் பிரித்துக் கோக்க வேண்டியதாயிற்று. 1948 முதல் பொருளாதார அறிஞர் மாரிஸ் டாப் உதவிக்கு வந்தார். முதல் நான்கு தொகுதிகள் 1951இல், ஐந்து முதல் ஒன்பது வரை 1952இல், பத்தாவது 1955இல், பொருளடைவுக்கான பதினொன்றாவது 1973இல் வந்தன. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள தொகுதிகளில் இருக்கின்றன.

இது ஒன்றே பெட்டி அல்ல. ரிக்கார்டோவின் நண்பரும் எதிர்வாதம் செய்தவருமான மால்தஸ் 1820இல் வெளியிட்ட பொருளாதார நூலைப் பக்கம் பக்கமாக எதிர்த்து ரிக்கார்டோ குறிப்புகள் எழுதினார். நண்பர்கள் படித்தார்கள், அச்சேறவில்லை. மால்தஸின் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அந்தக் குறிப்புகளைப் படிக்க முடியாது என்பதே பெரிய இடைஞ்சல். பிறகு தாள்கள் எங்கே என்றே தெரியாமல் போய், 1919இல் ரிக்கார்டோ குடும்பத்தின் வீடொன்றில் கிடைத்து, 1928இல் அச்சாயின. ஸ்ராஃபாவின் இரண்டாம் தொகுதியில் மேலே மால்தஸின் மூலம், கீழே ரிக்கார்டோவின் மறுப்பு. எதிரெதிரே உட்கார்ந்து இருவர் வாதாடுவதைக் கேட்பது போலிருக்கும்.

அயர்லாந்துப் பெட்டியில் கிடைத்தவற்றுள் முக்கியமானது எது? – கல்லூரி விரிவுரையாளர், சென்னை

'தனி மதிப்பும் பரிமாற்ற மதிப்பும்' என்ற முடிவுறாத கட்டுரை. 1823இல் கடைசி வாரங்களில் எழுதியது. முழுமையான ஒரு கரட்டு வரைவும், அதைத் திருத்தி எழுதத் தொடங்கிப் பாதியில் நின்ற இன்னொன்றும் இருக்கின்றன. நான்காம் தொகுதியில் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

எதைத் தேடினார்? தானே மாறாத ஓர் அளவுகோலை. ஒரே நாளில் பிடித்து விற்கும் இறாலையும், ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து விற்கும் திராட்சை மதுவையும் அவர் எடுத்துக்கொள்கிறார். எண்கள் எங்களுடையவை: இரண்டுக்கும் ஆரம்பத்தில் ஆன கூலி 100 என்று வையுங்கள். இறால் அன்றே விற்பதால் விலை 100. மது நான்கு ஆண்டு காத்திருக்கிறது. லாப வீதம் 10 சதவீதமானால் அதன் விலை 146. கூலி உயர்ந்து லாபம் 5 சதவீதத்துக்கு இறங்கினால், கூலியை அலகாக வைத்துப் பார்க்கையில் மது 122க்கு வந்துவிடும். செலவான உழைப்பு மாறவில்லை. ஒரு மதுப் பீப்பாய்க்கு ஈடான இறாலின் அளவு மட்டும் மாறிவிட்டது. அப்படியானால் எந்தப் பண்டத்தை அளவுகோலாகப் பிடித்தாலும் அது ஒரு பக்கம் சாயும். நடுவாக, ஓராண்டில் உற்பத்தியாகும் பண்டமே குறைந்த பிழையுள்ளது என்று அவர் ஒரு முடிவுக்கு வருகிறார். குறையே இல்லாத அளவுகோல் இயற்கையில் இல்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். 1960இல் ஸ்ராஃபா தாமே எழுதிய சிறு நூல் இந்தக் கேள்வியைத்தான் வேறு வழியில் எடுத்துக்கொண்டது.

லாபம் பற்றிய 1815ஆம் ஆண்டுக் கட்டுரையில் 'தானியத்தால் தானியத்தை அளக்கும்' கோட்பாடு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? – ஆய்வு மாணவர், திருநெல்வேலி

எந்தப் பக்கத்திலும் இல்லை. வேளாண்மையில் போடுவதும் எடுப்பதும் தானியமே, ஆகவே விலை இல்லாமலே லாப வீதத்தைக் கணக்கிடலாம் என்ற விளக்கம், முதல் தொகுதியின் முன்னுரையில் ஸ்ராஃபா ஊகித்துக் கட்டியது. கிடைத்துள்ள தாள்கள் எதிலும் ரிக்கார்டோ அதை இப்படிச் சொல்லவில்லை என்று ஸ்ராஃபாவே எழுதியிருக்கிறார். அறிஞர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள். 'ஸ்ராஃபாவின் விளக்கப்படி' என்று எழுதுங்கள்.

உயர்தர மாணவர்களுக்கு ஒப்பீட்டு நன்மை கற்பிக்கிறேன். 100, 120, 90, 80 என்ற எண்கள் ஓர் அலகு உற்பத்திக்கான உழைப்பா? – ஆசிரியர், யாழ்ப்பாணம்

பாடநூல்கள் அப்படித்தான் போடுகின்றன. மூல நூலின் ஏழாம் அத்தியாயத்தில் அவர் பேசுவது குறிப்பிட்ட ஓர் அளவு துணி, அதற்கு ஈடாக மாறும் குறிப்பிட்ட ஓர் அளவு மது. இங்கிலாந்தில் அந்தத் துணிக்கு 100 பேரின் ஓராண்டு உழைப்பு. அந்த மதுவைத் தானே செய்தால் 120 பேர். போர்ச்சுகலில் மதுவுக்கு 80 பேர், துணிக்கு 90 பேர். எனவே இங்கிலாந்து 100 பேரின் உழைப்பைக் கொடுத்து 120 பேர் வேலையைப் பெறுகிறது, மிச்சம் 20. போர்ச்சுகல் 80ஐக் கொடுத்து 90ஐப் பெறுகிறது, மிச்சம் 10. எண்களை இப்படி எடுத்துக்கொண்டால் விகிதப் பின்னங்களே வேண்டாம், கழித்தல் போதும். மாணவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அடுத்த வரியையும் விடாதீர்கள். 100 ஆங்கிலேயரின் உழைப்பு 80 போர்ச்சுகீசியரின் உழைப்புக்கு மாறுகிறது. ஒரே நாட்டுக்குள் இது நடக்காது என்கிறார். நாட்டுக்கு நாடு மூலதனம் எளிதில் நகர்வதில்லை என்பதே அவர் சொல்லும் காரணம். இந்த நிபந்தனையைச் சொல்லாமல் பாடத்தை முடித்தால் பாதிதான் சொல்லியிருப்பீர்கள்.

எங்கள் பாராமகால் பகுதியில் ரயத்துவாரி முறை வந்தது ரிக்கார்டோவின் வாரக் (நில வாடகைக்) கோட்பாட்டால்தான் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். உண்மையா? – வாசகர், தருமபுரி

காலக்கணக்கு ஒத்துவரவில்லை. கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் குடியானவர்களோடு நேரடியாக நிலத் தீர்வை பேசும் இந்த முறையைத் தொடங்கியது 1792க்குப் பின்வந்த ஆண்டுகளில். ரிக்கார்டோவின் வாரக் கோட்பாடு அச்சில் வந்தது 1815இல். தொடர்பு பின்னால் வந்தது. 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகமான லண்டன் இந்தியா ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்த ஜேம்ஸ் மில், வாரம் உழவருடைய உழைப்பின் பலனும் அல்ல, விலையைக் கூட்டுவதும் அல்ல, ஆகவே அரசு அதைத் தீர்வையாக எடுத்துக்கொள்ளலாம் என்று வாதாடினார். நடைமுறையில் இருந்த முறைக்குப் பிறகு கிடைத்த நியாயம் அது. மேலும், வாரம் எது, உழவருக்குரிய கூலியும் லாபமும் எது என்று வயலில் நின்று பிரித்தெடுப்பது தாளில் பிரிப்பதைப் போல எளிதல்ல. தீர்வை மிஞ்சிப்போனால் வெட்டுப்பட்டது உழவர் வயிறுதான்.

பதினொரு தொகுதியும் படிக்க நேரமில்லை. எதில் தொடங்கலாம்? – வாசகி, ஈரோடு

நான்காம் தொகுதியில் உள்ள 1815ஆம் ஆண்டின் லாபக் கட்டுரையில் தொடங்குங்கள். சிறியது, முழு அமைப்பும் அதில் முளைவிட்டிருக்கிறது. பிறகு முதல் தொகுதியில் 1, 2, 6, 7, 31 ஆகிய அத்தியாயங்கள், இந்த வரிசையிலேயே. முதல் அத்தியாயத்தின் நான்கு, ஐந்தாம் பிரிவுகளில் எல்லாரும் திணறுவார்கள்; தாண்டிப் போய்விட்டு, 31ஐ முடித்தபின் திரும்பி வாருங்கள். லிபர்டி ஃபண்ட் நிறுவனத்தின் மறுஅச்சு காகித அட்டையில் கிடைக்கிறது. பக்க எண்களும் ஸ்ராஃபா பதிப்பின் எண்களே.

ஐந்தாம் தொகுதியிலுள்ள நாடாளுமன்றப் பேச்சுகளை மட்டும் சொல்லுக்குச் சொல் மேற்கோள் காட்டாதீர்கள். அப்போது அதிகாரபூர்வப் பதிவு கிடையாது; நாடாளுமன்ற விவாதத் தொகுப்பான ஹன்சார்டே செய்தித்தாள்களிலிருந்து தொகுக்கப்பட்டதுதான். 'இவ்வாறு பேசியதாகப் பதிவாகியுள்ளது' என்று எழுதுவதே சரி.

கடிதங்களில் ஒன்றிரண்டு மட்டும் என்றால், மால்தஸுக்கு 1817 ஜனவரி 24இல் எழுதியதை எடுங்கள். நீங்கள் உடனடி, தற்காலிக விளைவுகளையே பார்க்கிறீர்கள், நான் நிலைத்த விளைவைப் பார்க்கிறேன், நம் சண்டைக்கு இதுவே காரணம் என்று அதில் விளக்குகிறார். அடுத்து ஒன்பதாம் தொகுதியில் மால்தஸுக்கே எழுதிய 1823 ஆகஸ்ட் 31ஆம் தேதிக் கடிதம். அளவுகோல் பற்றிய அதே வாதத்தை மறுபடி நடத்திவிட்டு, என் கருத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டிருந்தாலும் உங்கள்மேல் எனக்கு இதைவிட அதிகப் பிரியம் இருந்திருக்காது என்று முடிக்கிறார். பதினொரு நாள் கழித்து, செப்டம்பர் 11இல், காட்கம் பார்க் வீட்டில் காதில் வந்த தொற்றால் இறந்துபோனார்.