போட்டிக்காரர் விலையைக் குறைத்தால் நாமும் குறைக்க வேண்டுமா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அடக்க விலைக்கு மேல் 25 சதவீதம் வைத்து விற்கிறேன். புதிதாகப் போட்டிக்கு வந்தவர் என்னைவிட 10 சதவீதம் குறைத்துக் கொடுக்கிறார். நானும் இறங்க வேண்டியதுதானா? விலையை எதை வைத்துத்தான் முடிவு செய்வது?”

முதலில் கணக்குப் போட்டுவிடுங்கள். அடக்கம் 100 என்றால் நீங்கள் விற்பது 125-க்கு, கையில் நிற்பது 25. அந்த 125-இல் 10 சதவீதம் குறைத்தால் போவது 12.50, அதாவது லாபத்தில் சரிபாதி. இன்று 100 உருப்படி விற்றுச் சம்பாதிப்பதை நாளைக்கு 200 விற்றுத்தான் சம்பாதிக்க முடியும். ‘பத்து சதவீதம்தானே’ என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்ப்பதில்லை.

ஆனால் அந்த 100-இல் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்? சரக்குக்கு 80, மீதி 20 வாடகை, சம்பளம் மாதிரி விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகிற செலவு என்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை, ஏனென்றால் கூடுதலாகப் போகும் உருப்படிக்கு மறுபடி வாடகை ஆகாது. 139 விற்றாலே பழைய லாபம் வந்துவிடும். அந்த 39-ஐ யார் வாங்குவார்கள் என்று தெரியாவிட்டால் விலையில் கை வைக்காதீர்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. அடக்கத்தோடு லாபத்தைக் கூட்டினால் விலை வந்துவிடும் என்பது பாதி உண்மைதான். விலையைத் தீர்மானிப்பது உற்பத்திச் செலவா, வாங்குபவருக்குக் கிடைக்கும் பயனா என்ற பழைய சண்டைக்கு பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் சொன்ன பதில்: தாளை வெட்டியது கத்தரிக்கோலின் மேல் அலகா, கீழ் அலகா என்று கேட்பது போலத்தான் இது. எந்த விலைக்குக் கீழே போனால் கட்டுப்படியாகாது என்பதை அடக்கம் சொல்லும், அவ்வளவுதான். எதுவரை ஏறலாம் என்பது வாங்குபவர் கையில். உங்களுக்கு எவ்வளவு அடக்கமானது என்பதில் அவருக்கு ஒரு அக்கறையும் கிடையாது. விலை ஏறியும் உங்களிடமே வருகிறவர்களை ஏன் என்று கேட்டுப் பாருங்கள். சொன்ன நாளில் சரக்கு வருகிறது, பழுது என்றால் பேசாமல் மாற்றித் தருகிறார் என்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் அவர்கள் பணம் கொடுக்கிறார்கள், அவர்களுக்கும் குறைப்பது வீண்.

அப்புறம், பில்லில் இருக்கும் எண் மட்டும் விலை இல்லை. நீங்கள் 60 நாள் கடன் கொடுத்து, சரக்கையும் உங்கள் செலவில் அனுப்பி, போட்டிக்காரர் ரொக்கத்துக்கு மட்டும் விற்கிறார் என்றால் அவர் உண்மையில் உங்களைவிட மலிவா என்பதே சந்தேகம். அதை விசாரித்துவிட்டு, உடனே பணம் தருகிறவர்களுக்கு மட்டும் 2 சதவீதம் கழித்துக் கொடுத்துப் பாருங்கள். லாபத்தில் பத்தில் ஒரு பங்கு போகும், ஆனால் 60 நாள் முடங்கிய பணம் கைக்கு வரும். அதற்கு மேலும் குறைக்கத்தான் வேண்டும் என்றால் எந்தத் தேதி வரைக்கும் என்று முதலிலேயே சொல்லிக் குறையுங்கள், ஒருமுறை இறக்கிய விலையை மறுபடி ஏற்றுவது லேசில்லை.