பஸ்காக்ஸ்: எந்த நால்வர்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேகமும் எளிமையும் கொண்ட ராக் வகையான பங்க் இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவைக் கேட்க உட்கார்ந்தேன். தலை சுற்றுகிறது. 1976-ல் தொடக்கம், 1981-ல் பிரிவு, 1989-ல் மறுபடி சேர்க்கை, பாடகர் இறந்த பிறகும் அதே பெயரில் புது ஆல்பம். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இதில் எது பஸ்காக்ஸ்? காசுக்காகச் சேர்ந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? எங்கிருந்து கேட்பது?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

காசுக்காகச் சேர்ந்தார்களா என்று கேட்கிறீர்கள். அவர்கள் பிரிந்ததிலும் காசுக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்வதற்கு முன் 1977-க்குப் போகவேண்டும், ஏனென்றால் இந்தக் குழு முதலில் உடைந்தது 1981-ல் அல்ல.

1976 டிசம்பர் 28 அன்று மான்செஸ்டரின் இண்டிகோ ஸ்டுடியோவில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஹோவர்ட் டெவோட்டோ பாட்டு, பீட் ஷெல்லி கிடார், ஸ்டீவ் டிக்கிள் பேஸ், ஜான் மாஹர் டிரம்ஸ். மாஹருக்கு அப்போது வயது 16. தெரிந்தவர்களிடம் 500 பவுண்டு அளவில் கடன் வாங்கி, நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு லேபிள் (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) தொடங்கி, 1,000 பிரதி அச்சிட்டார்கள். அதுதான் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்'. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக் (பதிவு முயற்சி), எதில் கிடார் பிறகு சேர்க்கப்பட்டது என்று உறையிலேயே போட்டிருந்தார்கள். இசைத்தட்டு செய்வதில் மர்மம் ஒன்றுமில்லை என்று காட்டிய உறை அது. 'போர்டம்' பாட்டின் கிடார் தனியாவர்த்தனத்தில் இரண்டே சுரங்கள், 66 முறை. வாசிக்கத் தெரியாமல் செய்ததென்று நினைத்துவிடாதீர்கள். சலிப்பைப் பற்றிய பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான தனியாவர்த்தனம் கிடையாது.

தட்டு ஜனவரி 1977-ல் வெளிவந்தது. பிப்ரவரியில் டெவோட்டோ விலகிவிட்டார். மற்றக் குழுக்கள் இந்த இடத்தில் பாடகர் தேடி விளம்பரம் கொடுக்கும். இவர்கள் இருந்தவர்களையே இடம் மாற்றினார்கள். ஷெல்லி கிடாரோடு பாட்டையும் எடுத்துக்கொண்டார், டிக்கிள் பேஸிலிருந்து கிடாருக்கு வந்தார், பேஸுக்குச் சிறிது காலத்தில் ஸ்டீவ் கார்வி வந்து சேர்ந்தார். ஷெல்லியின் மெல்லிய, புகார் சொல்லும் குரல், அதற்குக் கீழே ஒன்றையொன்று உரசும் இரண்டு கிடார், பின்னால் மாஹர். நீங்கள் பஸ்காக்ஸ் என்று அடையாளம் காணும் ஒலி இந்த இடமாற்றத்தில் பிறந்ததுதான்.

பங்க் என்றால் மூன்று மேஜர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) என்பார்கள். 1978-ல் வந்து பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடம் பிடித்த 'எவர் ஃபாலன் இன் லவ்' பாட்டைக் கிடாரில் வாசித்துப் பாருங்கள். பாட்டு ஈ மேஜர் ஸ்கேலில். ஆனால் சரணமும் பல்லவியும் சி ஷார்ப் மைனரில் தொடங்குகின்றன. பல்லவியில் பி மேஜரிலிருந்து டி மேஜருக்கு ஒரு தாவல் வருகிறது. டி அந்த ஸ்கேலைச் சேர்ந்த கார்டே அல்ல. மெட்டு சட்டென்று காலடியில் நழுவுவது போலத் தோன்றுவது அங்கேதான்.

இனி 1981. அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அதற்குள் இஎம்ஐ என்ற பெரிய நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது. 1980-ல் வந்த மூன்று சிங்கிள்களும் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டுகள்) எடுபடவில்லை. நான்காவது ஆல்பத்துக்கு முன்னால், அமெரிக்காவில் ஏற்கெனவே வந்திருந்த 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி' தொகுப்பை பிரிட்டனில் வெளியிட நினைத்தது இஎம்ஐ. குழு மறுத்தது, பதிவுச் செலவுக்கான முன்பணம் நின்றது. முன்பணம் இல்லையென்றால் ஸ்டுடியோ இல்லை. ஷெல்லி, தங்கள் தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷெண்டுடன் தனியாக டெமோ (மாதிரிப் பதிவு) செய்யப் போனார். சிந்தசைசர், இயந்திர டிரம்ஸ், இரண்டு பேர். நான்கு பேர் தேவையில்லை என்று தெரிந்துவிட்ட பிறகு குழு எப்படி நிற்கும்? அந்த டெமோக்கள்தான் ஷெல்லியின் தனி ஆல்பமான 'ஹோமோசேப்பியன்' ஆயின.

மறுபடி சேர்ந்ததில் பணத்தின் பங்கும் இப்படிச் சிக்கலானதுதான். 'எவர் ஃபாலன் இன் லவ்' ஷெல்லி தனியாக எழுதியது. 1987-ல் ஃபைன் யங் கேனிபல்ஸ் என்ற குழுவினர் அதைப் பாடி 9-ஆம் இடம் வரை கொண்டுபோனார்கள். எழுதியவருக்கான ராயல்டி எழுதியவருக்குத்தான் போகும். முதல் பதிவில் டிரம்ஸ் அடித்தவருக்கு அதில் பங்கில்லை. பாட்டு எழுதாத உறுப்பினருக்கு மேடைதான் பெரிய வருமானம். டிக்கிளோ 'ஃப்ளாக் ஆஃப் கன்வீனியன்ஸ்' என்று தனிக்குழு நடத்தி, கடைசியில் அதை 'பஸ்காக்ஸ் எஃப்.ஓ.சி.' ஆக்கியிருந்தார். பெயர் இப்படிப் பாதி புழக்கத்துக்கு வந்துவிட்ட நிலையில், 1989-ல் பழைய நால்வரும் சேர்ந்து சுற்றுப்பயணம் போனார்கள்.

அந்த நால்வர் நீடிக்கவில்லை. முதலில் மாஹர் போனார். ஃபோக்ஸ்வாகன் கார்களின் காற்றால் குளிரும் எஞ்சின்களைப் பந்தயத்துக்காகக் கட்டும் தொழில் அவருடையது. சிறிது காலம் ஸ்மித்ஸ் குழுவின் மைக் ஜாய்ஸ் வாசித்தார், பிறகு ஃபில் பார்க்கர். காது கொடுத்துக் கேட்டால் பழைய பஸ்காக்ஸுக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் பாடகரிடம் இல்லை, இந்த டிரம்ஸ் நாற்காலியில் இருக்கிறது. மாஹர் டாம் டிரம்களில் உருட்டிக்கொண்டே பாட்டை முன்னே தள்ளுவார். பின்னால் வந்தவர்கள் நேராக, பலமாக அடிக்கிறார்கள். வேகம் உண்டு, அந்தத் துள்ளல் இல்லை.

என்றாலும் 1993-ல் வந்த 'டிரேட் டெஸ்ட் டிரான்ஸ்மிஷன்ஸ்' புதுப் பாட்டுகளின் ஆல்பம், நல்ல ஆல்பம். பழைய பாட்டை மட்டும் பாடிப் பிழைக்கும் குழுவுக்கு அது தேவைப்பட்டிருக்காது. 1994-ல் அமெரிக்க ராக் குழு நிர்வாணா தன் ஐரோப்பியப் பயணத்தில் இவர்களை முன்குழுவாக அழைத்துக்கொண்டது. 2012 மே மாதம் மான்செஸ்டரிலும் லண்டனிலும் காலத்தைத் தலைகீழாக்கி ஒரு நிகழ்ச்சி செய்தார்கள்: முதலில் அன்றைய குழு, பிறகு மாஹரும் கார்வியும், கடைசியில் டெவோட்டோ. உங்கள் கேள்விக்கு அவர்களே சொன்ன பதில் போல இருக்கிறது.

2018 டிசம்பர் 6 அன்று எஸ்தோனியாவின் டாலினில் ஷெல்லி இறந்தார். டிக்கிள் தொடர்கிறார். 2022-ல் வந்த 'சானிக்ஸ் இன் தி சோல்' அவருடைய ஆல்பம் என்று கேட்டால் குறை தெரியாது. ஷெல்லியின் பாட்டுகளை டிக்கிளின் கரகரத்த குரலில் கேட்பது வேறு விஷயம், எனக்கு ஒட்டவில்லை.

முதலில் 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி' கேளுங்கள். ஒரு பக்கம் எட்டு சிங்கிள்களின் முன்பாட்டு, மறுபக்கம் அதே வரிசையில் பின்பாட்டு. ஒன்றுக்கு ஒன்பது, இரண்டுக்குப் பத்து என்று ஜோடி சேர்த்துக் கேட்டால் வெளிவந்தபடி கேட்டதாகும். பிறகு 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்', அதன்பின் 1993 ஆல்பம். 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' பழைய தட்டாக விலைக்கு வந்தால் உறையைப் பாருங்கள். குழுப் பெயரோடு ஹோவர்ட் டெவோட்டோ பெயரும் அச்சாகியிருந்தால் அது 1979 மறுபதிப்பு. 1977 முதற்பதிப்புக்கான விலை கொடுக்காதீர்கள்.